போகம் முடிந்தபின் உழவு இயந்திரத்தைத் துப்புரவாக்கி ஓய்வில் வைக்கும் முறை

கமக்காரருக்கு:

எருதுகளைக் கொண்டு உழுத காலத்தில், போகம் முடிந்ததும் அவற்றைக் குளிப்பாட்டி, நுகம் உராய்ந்த புண்ணுக்கு மருந்திட்டு, தரவையில் மேயவிட்டு ஓய்வு கொடுப்பது நம்மவர் வழக்கமாக இருந்தது. அந்த எருதுகளின் இடத்தை இன்று இரு சில்லு உழவு இயந்திரம் பெற்றுள்ளது. பல ஊர்களில் லாண்ட்மாஸ்ரர் என்று அழைக்கப்படும் இவ்வியந்திரத்துக்கும் ஓய்வுக்காலம் உண்டு. ஆனால் அந்த ஓய்வுக்குரிய பராமரிப்பை நம்மிற் பலர் அதற்குக் கொடுப்பதில்லை. கடைசி நெல் மூடையை வீட்டுக்கு இழுத்து வந்த அன்றே, சேறும் வைக்கோலும் ஒட்டியபடி அதனை வேலியோரத்தில் நிறுத்திவிடுகிறோம். அடுத்த மழைக்கே அதனைத் திரும்பிப் பார்க்கிறோம்.

உழவினால் இயந்திரம் தேய்வது உண்மையே. ஆயினும் உழுது கெடுவதைப் போலவே, அழுக்கோடு சும்மா நின்றும் அது கெடுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. போகத்தின் முடிவில் ஒரு நாளை இயந்திரத்துக்கென ஒதுக்குவீர்களாயின், அடுத்த போகத்தின் விதைப்பு நாள் உங்கள் கையில் இருக்கும். இதுவே இத்துண்டுப் பிரசுரத்தின் சாரம்.

விதைப்பு நாள் தவறினால் நேர்வது யாது?

மானாவாரி நிலத்தில் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் நிலத்தைப் பண்படுத்தி விதைத்தல் வேண்டும். அந்த நாட்களில் இயந்திரத்தின் கைபிடியைச் சுழற்றியும் அது இயங்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? திருத்துமிடத்துக்குக் கொண்டு சென்றால், அங்கே உங்களுக்கு முன்னே பலருடைய இயந்திரங்கள் வரிசையில் நிற்கும். வாடகைக்கு ஒன்றைப் பிடிக்கலாம் என்றாலோ, அதன் சொந்தக்காரர் தமது வயலை முடித்த பின்னரே உங்கள் வயலுக்கு வருவார். இதற்கிடையில் மழை பெருகி நிலம் சேறாகிவிடும். பிந்தி விதைத்த பயிர் வேரூன்றி உயருமுன் கார்த்திகை, மார்கழி மாதங்களின் பெருமழையில் அமிழ்ந்து அழிய நேரும். மாசியில் செய்யாது விட்ட சிறு வேலைக்காக ஒரு போகத்தின் விளைச்சலையே இழப்பது கெட்டித்தனமாகாது.

ஓய்வுக்காலம் எது?

மானாவாரி நிலங்களிலும், சிறுபோகத்துக்கு நீர் போதாத குளங்களின் கீழும் உழவு இயந்திரம் மாசி, பங்குனி தொடங்கி ஆவணி வரை நிற்கும். இரு போகமும் செய்யுமிடங்களில் இவ்வோய்வு குறுகியதாகும். தோட்டக்காரர்களின் நீரிறைக்கும் இயந்திரத்துக்கோ இதற்கு எதிர்மாறாக, ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலமே ஓய்வுக்காலமாகும். ஒன்று வெயிலிலும் புழுதியிலும் நிற்கிறது. மற்றது ஈரத்தில் நிற்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் இயங்காதிருக்கும் எந்த இயந்திரத்துக்கும் கீழே கூறப்படும் பராமரிப்பு அவசியம்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் தொடங்குமுன் சிலர் தம் மோட்டார் வண்டியைக் கழுவி, மெழுகு பூசி, ஒயிலை மாற்றி, பற்றறியைப் பேணி, கொட்டிலில் நிறுத்திவைப்பர். அங்கே வீதிகளில் உறைபனியை உருக்குவதற்காகத் தூவும் உப்பு வண்டியின் அடிப்புறத்தை அரிக்கும். நமது நாட்டில் அந்தப் பனி இல்லை. எனினும் அதே வேலையைச் செய்யும் பகைகள் இங்கும் உள்ளன. அவை நான்கு:

முதலாவது ஈரம். காய்ந்த சேற்றின் உட்புறத்தில் ஈரம் நெடுநாள் தங்கி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இரண்டாவது பழைய ஒயில். ஓடிய ஒயிலில் கரியும் அமிலத் தன்மையுள்ள கழிவும் கலந்திருக்கும். இயந்திரம் நிற்கும் மாதங்களில் அவை உட்பாகங்களை அரிக்கும்.

மூன்றாவது பசளை உப்பு. பசளை மூடைகளை ஏற்றிய இழுவைப் பெட்டியில் சிந்திக் கிடக்கும் துகள்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, தகரத்தையும் ஆணிகளையும் தின்னும்.

நான்காவது உயிரினங்கள். எலி மின்கம்பிகளைக் கடிக்கும். காற்று வடிகட்டியுள் கூடு கட்டும். குளவி புகைக்குழாயின் வாயை மண்ணால் அடைத்துவிடும்.

வேலைக்கு வேண்டியவை

ஒரு வாளியும் கழுவும் தூரிகையும், கம்பித் தூரிகை ஒன்று, சவர்க்காரத் தூள், சிறிது மண்ணெண்ணெய், பழைய துணி, இயந்திரத்தின் கைநூலில் கூறப்பட்ட தரத்து என்ஜின் ஒயில், கிறீஸ், துருவை மறைக்கும் பூச்சு, நான்கு மரக்கட்டைகள், ஒரு சிறு அட்டைத்துண்டும் நூலும். வேலையைத் திறந்த வெளியிலேயே செய்யுங்கள். மூடிய கொட்டிலுள் இயந்திரத்தை ஓடவிட்டால் அதன் புகை உயிருக்கு ஆபத்தாகும்.

1. கழுவுதல்

இயந்திரம் நன்றாக ஆறியபின் கழுவுங்கள். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வெடிப்பு உண்டாகலாம். காற்று வடிகட்டியின் வாயையும் புகைக்குழாயின் வாயையும் பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். எரிபொருள் தாங்கியின் மூடி, மின்விளக்குக் கம்பிகள், பற்றறி ஆகியவற்றின் மீது நீரை வேகமாகப் பீச்சுதல் ஆகாது.

முதலில் சேற்றை ஊறவைத்துத் தூரிகையால் அகற்றுங்கள். சேறடிப்புக்குப் பூட்டும் இரும்புச் சில்லுகளின் மூலைகளையும், சேறு காப்புத் தகட்டின் உட்புறத்தையும் மறவாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே சேறு தங்கும். கிறீஸும் ஒயிலும் படிந்த இடங்களை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, சவர்க்கார நீரால் கழுவி, நல்ல நீரால் அலசுங்கள். மண்ணெண்ணெய் ரப்பரைக் கெடுக்குமாதலால் டயரிலும் பெல்றிலும் அது படலாகாது.

சுழற்கலப்பையின் தண்டைச் சுற்றியிருக்கும் வைக்கோல், புல், நைலோன் கயிறு யாவற்றையும் கத்தியால் வெட்டி எடுங்கள். தண்டின் முனையிலுள்ள ஒயில் சீலை இவை அறுத்துவிட்டால், உள்ளிருக்கும் ஒயில் கசிந்து வெளியேறும். சேற்று நீர் உள்ளே புகும். இழுவைப் பெட்டியைப் பசளைத் துகள் சிறிதும் இல்லாதபடி கழுவி, நீர் வடியுமாறு சரித்து வையுங்கள். எல்லாவற்றையும் அரை நாள் வெயிலில் உலர விடுங்கள்.

2. பார்த்துக் குறித்தல்

சேறு நீங்கிய இயந்திரமே தன் குறைகளைக் காட்டும். தளர்ந்த போல்ற், நட், தேய்ந்த கலப்பை அலகு, வெடித்த பெல்ற், ஒயில் கசியும் இணைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தளர்ந்தவற்றை இறுக்குங்கள். மாற்றவேண்டிய உறுப்புகளை ஓய்வுக்காலத்திலேயே வாங்கி மாற்றிவிடுங்கள். அக்காலத்தில் திருத்துவோருக்கும் நேரம் இருக்கும். உங்களுக்கும் நின்று பார்க்க நேரம் இருக்கும்.

பற்சக்கரப் பெட்டியின் ஒயிலையும் சோதியுங்கள். அது பால் கலந்த தேநீர் போன்று வெளிறியிருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என அறிக. அவ்வொயிலை முற்றாக வடித்து, நீர் புகுந்த வழியை அடைத்து, புதிய ஒயில் இடுதல் வேண்டும்.

3. ஒயில் மாற்றுதல்

ஓய்வுக்காலம் முடிந்தபின் ஒயில் மாற்றுவதே பலருடைய பழக்கம். இது தவறாகும். மாற்றவேண்டியது ஓய்வுக்கு முன்னர். அப்பொழுதுதான் இயந்திரத்தின் உட்பாகங்கள் தூய ஒயிலில் நனைந்தபடி அம்மாதங்களைக் கழிக்கும்.

இயந்திரத்தை 10 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடேறிய ஒயில் இளகி, கசடையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். அடியிலுள்ள வடிகால் ஆணியைக் கழற்றி, கை சுடாதபடி கவனமாக ஒரு கலத்தில் வடித்தெடுங்கள். ஒயில் வடிகட்டி இருந்தால் அதனையும் துப்புரவாக்குங்கள் அல்லது மாற்றுங்கள். பின்னர் ஆணியை இறுக்கி, குறித்த அளவு வரை புதிய ஒயிலை ஊற்றி, மேலும் 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

வடித்த ஒயிலை வாய்க்காலிலோ கிணற்றுக்கு அருகிலோ கொட்டுதல் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில், மேலே ஊற்றியது பாறை வெடிப்புகள் வழியே கிணற்று நீரை அடையும். மூடியுள்ள கலத்தில் சேர்த்து, பழைய ஒயிலை வாங்குவோரிடம் ஒப்படையுங்கள்.

4. குளிராக்கும் நீர்

நீர்த்தொட்டி உள்ள இயந்திரமாயின், அது ஆறியபின் அடிக்குழாயைத் திறந்து நீர் முழுவதையும் வடித்துவிடுங்கள். தேங்கிய நீர் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யும். சுண்ணாம்பு கலந்த கிணற்று நீராயின் உட்புறத்தில் படிவும் உண்டாகும். இப்படிவு தடித்தால் இயந்திரம் உழவின்போது அளவுமீறிச் சூடாகும். துரு எதிர்ப்புத் திரவம் இட்ட றேடியேற்றர் உள்ள இயந்திரமாயின் நீரை வடிக்க வேண்டியதில்லை. அத்திரவம் குறைவின்றி இருக்கிறதா என்று பாருங்கள்.

நீரை வடித்த உடனேயே அட்டைத்துண்டில் “தண்ணீர் இல்லை, ஓட்டாதே” என்று எழுதிச் சுழற்றும் கைபிடியில் கட்டுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத ஒரு நாளில் மகனோ அயலவரோ அதனை ஓட்டிவிட்டால், சில நிமிடங்களில் பெருஞ் செலவு வந்துசேரும்.

5. எரிபொருள்

டீசல் இயந்திரத்துக்கும் பெற்றோல் இயந்திரத்துக்கும் இவ்விடயத்தில் முறை வேறு.

டீசல் தாங்கியைக் கழுத்து வரை நிரப்பி வையுங்கள். பாதி வெறுமையான தாங்கியில் உள்ள காற்று இரவில் குளிரும்போது, அதிலுள்ள ஈரம் உட்சுவரில் நீர்த்துளியாகப் படியும். நீர் டீசலை விடப் பாரமானதாதலால் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். அந்நீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, வழுவழுப்பான கசடாகி வடிகட்டியை அடைக்கும். நிரப்புமுன் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, நீரையும் கசடையும் ஊற்றி, டீசலாலேயே கழுவிப் பூட்டுங்கள். நிரப்பியபின் எரிபொருள் குழாயை மூடிவிடுங்கள்.

பெற்றோல் இயந்திரத்தின் தாங்கியை வெறுமையாக்குதல் வேண்டும். பெற்றோல் நாட்பட்டால் பிசினாக மாறி, காபரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைக்கும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு போத்தல் பெற்றோலின் அருமையைக் கூற வேண்டியதில்லை. ஆகவே வடித்த பெற்றோலை வீணாக்காது, புதியதாய் இருக்கும்போதே வேறு தேவைக்குப் பயன்படுத்துங்கள்; அடுத்த போகத்துக்கென வைத்திருக்காதீர்கள்.

6. காற்று வடிகட்டியும் உள்ளுறுப்புகளும்

ஒயில் கிண்ணமுள்ள காற்று வடிகட்டியாயின், கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திப் புதிய ஒயிலைக் குறித்த மட்டத்துக்கு இடுங்கள். காகித வடிகட்டியாயின் மெல்லத் தட்டித் தூசியை உதிருங்கள். அதனை நீரில் கழுவலாகாது.

இனி, கைபிடியை மெல்லச் சுழற்றி, அது மிகவும் கனக்கும் நிலையில் நிறுத்துங்கள். சிலிண்டரினுள் காற்று அமுக்கப்படும் அந்நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே செல்லாது. அதன்பின் புகைக்குழாயின் வாயை ஒரு தகர மூடியாலோ பொலித்தீனாலோ மூடிக் கட்டுங்கள். குளவிக்கும் எலிக்கும் இதுவே தடை.

பெல்றுகளைத் தளர்த்திவிடுங்கள். கிளச்சு கைபிடியை விடுவித்த நிலையில் வையுங்கள். கிறீஸ் இடும் வாய்கள் எல்லாவற்றிலும் பழைய கிறீஸ் வெளித்தள்ளப்படும் வரை புதிய கிறீஸை ஏற்றுங்கள்.

7. பற்றறி

பற்றறியுள்ள இயந்திரமாயின் முதலில் மறை முனையின் கம்பியையும், பின்னர் நேர் முனையின் கம்பியையும் கழற்றுங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெண்பூவை அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து உலர்த்தி, வசிலின் பூசுங்கள். அந்நீர் பற்றறியின் உள்ளே செல்லலாகாது. நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விடுங்கள். கிணற்று நீர் பற்றறியைக் கெடுக்கும். பற்றறியைப் பலகையின்மேல், நெருப்பு அணுகாத காற்றோட்டமான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மின்னேற்றுங்கள். சும்மா இருக்கும் பற்றறியும் தானாகவே மின்னை இழக்கும். வெறுமையான நிலையில் நெடுநாள் கிடந்தால் அது மீண்டும் மின்னேறாது போகலாம்.

8. இரும்புக் கருவிகளும் டயரும்

கலப்பை அலகு, சுழற்கலப்பையின் கத்திகள், இரும்புச் சில்லு ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணிற் படும் பாகங்களுக்குக் கிறீஸோ புதிய ஒயிலோ பூசுங்கள். ஓடிய பழைய ஒயில் இதற்கு உகந்ததன்று. அது தோலுக்கும் தீங்கானது. சட்டத்தில் பூச்சு உரிந்த இடங்களைத் தேய்த்து மீண்டும் பூசுங்கள்.

இயந்திரத்தின் சட்டத்தை மரக்கட்டைகளில் ஏற்றி, டயர் நிலத்திற் படாதபடி வையுங்கள். இயலாவிடில் டயரின் கீழ்ப் பலகை இட்டு, காற்றைக் குறைய விடாது, மாதம் ஒருமுறை சில்லைச் சற்று உருட்டி நிற்குமிடத்தை மாற்றுங்கள். டயரில் வெயில் நேரே படலாகாது.

9. கொட்டில்

நிலம் உயர்ந்து, மேலே ஒழுக்கில்லாது, காற்றோட்டமுள்ள கொட்டில் போதுமானது. கிடுகுக் கூரையாயின் நெருப்பு விடயத்தில் இருமடங்கு கவனம் தேவை. நெல் மூடையை அதே கொட்டிலில் அடுக்கினால் எலியை நீங்களே அழைத்தவராவீர்கள். பசளை மூடையையும் அங்கே வைத்தலாகாது. கோழிகள் இயந்திரத்தின்மேல் அடையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் எச்சம் பூச்சை அரிக்கும்.

இயந்திரத்தைப் பொலித்தீனால் இறுகச் சுற்றுதல் கூடாது. உள்ளே ஈரம் வியர்த்து நின்று துருவை வளர்க்கும். சாக்கினாலோ தடித்த துணியினாலோ, அடியில் காற்றுப் புகும்படி மேலே மூடுதலே சிறந்தது.

நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மேலதிக கவனம்

தோட்டக்காரர் மழை தொடங்குமுன் பம்பியின் அடியிலுள்ள ஆணியைக் கழற்றி நீரை வடித்துவிடுதல் வேண்டும். உவர்நீர் இறைத்த பம்பியாயின் முதலில் நன்னீரைச் சிறிதுநேரம் இறைத்து உப்பைக் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கடைசியாகச் சில நிமிடம் பெற்றோலில் ஓட்டி, பின்னர் எரிபொருள் குழாயை மூடித் தானாக நிற்கும் வரை விடுங்கள். காபரேற்றரில் எஞ்சியதையும் தாங்கிகளில் உள்ளதையும் வடியுங்கள். தீப்பொறிச் செருகியைக் கழற்றி, அத்துளையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயிலை விட்டு, கயிற்றை மெல்ல நான்கைந்து முறை இழுத்துச் செருகியைப் பூட்டுங்கள். உறிஞ்சு குழாயை மடிக்காது பெரிய வளையமாகச் சுற்றி நிழலில் தொங்கவிடுங்கள்.

மாதம் ஒருமுறை

டீசல் குழாய் மூடியிருக்க, புகைக்குழாய் மூடியை நீக்கி, அமுக்கம் விடுவிக்கும் கைபிடியைத் தூக்கியபடி இயந்திரத்தைக் கையால் 10 முறை சுழற்றுங்கள். அடியிலுள்ள ஒயில் மீண்டும் உட்பாகங்களில் பரவும். பின்னர் முன்போலக் கனக்கும் நிலையில் நிறுத்தி மூடுங்கள். எலி, கறையான், குளவி ஆகியவற்றின் அடையாளங்களையும் பாருங்கள். இதற்குக் கால் மணி நேரம் போதும்.

மீண்டும் வேலைக்கு எடுத்தல்

விதைப்புக்கு இரு வாரங்களுக்கு முன்னரே இயந்திரத்தை வெளியே எடுங்கள். குறை ஏதும் தோன்றினால் திருத்துவதற்கு நாள் இருக்கும். மூடிகளை நீக்கி, கூடு உள்ளதா எனப் பாருங்கள். நீரை நிரப்பிய பின்னரே அட்டைத்துண்டை அவிழுங்கள். ஒயில் மட்டம், பெல்றின் இறுக்கம், டயரின் காற்று ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். பற்றறியைப் பூட்டும்போது முதலில் நேர் முனை, பின்னர் மறை முனை. டீசல் குழாயைத் திறந்து, வழியில் அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். அமுக்கத்தைத் தளர்த்திக் கையால் 10 முறை சுழற்றி, தடையோ புதிய ஓசையோ இல்லையெனக் கண்டபின் இயக்குங்கள். 10 நிமிடம் சுமையின்றி மெதுவாக ஓடவிட்டு, ஒயிலோ நீரோ கசிகிறதா எனப் பார்த்தபின் வயலுக்கு இறக்குங்கள்.

முடிவுரை

இத்துணை வேலைகளையும் வாசிக்கும்போது பெரிதாகத் தோன்றலாம். செய்யத் தொடங்கினால், காலையில் கழுவி, வெயிலில் உலரவிட்டு, மாலையில் ஒயில் மாற்றி மூடுவதற்கு ஒரு நாளே செல்லும். வீட்டிலுள்ள இளைஞரையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் உறுப்புகளை அறிவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கைநூல் தொலைந்திருந்தாலோ ஒயிலின் தரம், அளவு பற்றி ஐயம் இருந்தாலோ, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் கண்டு கேளுங்கள்.

மழை தன் நாளில் வரும். அந்த நாளில் உங்கள் இயந்திரமும் ஆயத்தமாய் நிற்கட்டும்.